கட்டைவிரலில் நார்

1

டென்மார்க்கில் என்னைப் போன்ற வெளிநாட்டவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போய், இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். மாடியில் ஓர் அறை. ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி. அதைவிட வாட்டமாக ஓர் அதிகாரி. நான் இங்கு வந்து மூன்று ஆண்டுகள் முடிந்ததால் சென்ற வாரம் மூன்றாவது முறையாக அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

அவர் என் பழைய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "சென்ற ஆண்டிலிருந்து மாற்றம் ஏதாவது உண்டா?"

"உண்டு" என்றேன். "தந்தையின் தொழில்."

அவர் படிவத்தைப் பார்த்தார். "மர வியாபாரி. காலமாகிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறதே."

"ஆமாம்."

"எப்போது காலமானார்?"

"நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு."

"அப்படியானால் போன வருஷத்திலிருந்து இந்த வருஷத்துக்குள் அவர் எப்படித் தொழில் மாறினார்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். என் தந்தை மர வியாபாரி இல்லை, மரவாடியில் கூலிக்கு மரம் அறுத்தவர் என்று என் அரைகுறை டேனிஷில் விளக்கினேன். தாயின் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று இருப்பதும் தவறு என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திருத்தம் வேண்டுமென்றால் சொந்த நாட்டிலிருந்து சான்றிதழ் வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொண்டுவர வேண்டுமாம். அறுப்புக்காரருக்குச் சான்றிதழ் யார் கொடுப்பார்? நைனா என்று நான் கூப்பிட்ட அப்பாவின் கையிலிருந்த காய்ப்புதான் அவருடைய சான்றிதழ். அது அவரோடு போய்விட்டது.

படிவம் பழையபடியே இருக்கிறது. ஆனால் உங்களிடம் திருத்திக்கொள்ள முத்திரை தேவையில்லை. இந்தப் பத்திரிகையில் சென்ற ஆண்டு நான் எழுதிய குறிப்புகளில், மரத்தின் மேல் எனக்கு வந்த ஆர்வத்துக்குக் காரணம் 'என் தந்தையார் மர வியாபாரம் செய்தவர்' என்று எழுதியிருந்தேன். அது பொய். சிலர் பாராட்டிக் கடிதம்கூட எழுதினீர்கள். அந்தப் பொய் இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் எவ்வளவு தூரம் போனது என்பதை இப்போது சொல்கிறேன்.

2

நான் தாவரவியல் படித்தவள். மரத்தை மயிரிழை போலச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, இது இன்ன மரம் என்று சொல்வது என் வேலை. இங்கே சதுப்பு நிலங்களைத் தோண்டும்போது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய மரச்சாமான்கள் கிடைக்கின்றன. கோடாரிக் காம்பு, துடுப்பு, வேலிக் கம்பு, மரப்பட்டையில் செய்த கூடை. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் கிடந்ததால் மக்காமல் இருக்கின்றன. வெளியே எடுத்து உலரவிட்டால் ஒரே நாளில் சுருங்கி உருத்தெரியாமல் போய்விடும். அதனால் எங்கள் கூடம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிகள்தான். காலையில் கதவைத் திறந்தால் குளத்து வாடை வரும்.

கூடத்தின் தலைவி இங்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். இந்த ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு அது ஓர் ஆண்டு வரை வரவில்லை. பழங்காலக் கருவிகளுக்கு மாதிரி செய்துபார்க்கும் தச்சர் நில்ஸ். கல் கோடாரியால் மரம் வெட்டிப் பார்ப்பவர். இவர்கள் இருவரோடுதான் என் பகல் பொழுதெல்லாம்.

சென்ற ஆண்டு பனி உருகியதும் ஒரு பின்னல் கயிறு வந்தது. லிண்டன் என்ற மரத்தின் உள்பட்டையை ஊறவைத்து உரித்த நார். மூன்று புரியாக, பெண்கள் சடை பின்னுவது போலப் பின்னியிருந்தது. இரண்டு ஆள் நீளம். அதைச் சேற்றிலிருந்து கழுவி எடுக்கவே எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

அதில் ஒரு விநோதம் இருந்தது. ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் பின்னல் அமுங்கி வளைந்திருந்தது. அமுங்கல்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை நான் அளந்து சொல்ல, இங்கா எழுதிக்கொண்டார். இந்த மொழியில் ஐம்பது என்பதற்கு இரண்டரை இருபது என்பது போல ஒரு கணக்கு. அறுபதுக்கு மூன்று இருபது. நான் ஐம்பத்து நான்கை அறுபத்து நான்கு என்று சொல்லி, பின்னலை ஒரே மூச்சில் பத்து செண்டிமீட்டர் இழுத்துவிட்டேன். நில்ஸ் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் அலம்பியது.

பிறகு இங்கா தன் கருத்தைச் சொன்னார். "ஒரு முனையை எங்காவது மாட்டாமல் பின்ன முடியாது. முளையில் மாட்டியிருந்தால் தடம் வட்டமாக இருக்கும். இது ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று அழுந்தியிருக்கிறது. அதனால் இன்னொரு மனிதரின் கை. ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் பின்னியிருக்கிறார். பின்னல் நீள நீளப் பிடித்தவர் கையை மாற்றியிருக்கிறார்."

எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களை ஓவியரைக் கொண்டு வரையவைத்தார். இருவரும் பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். அழகான படம்.

முதல் அமுங்கலைக் கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது கை இல்லை என்று. அது கால். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிறு ஓடிய தடம். ஒரே ஆள். துணைக்கு யாரும் இல்லாத ஆள்.

நான் சொல்லவில்லை. ஆறு மாதங்கள் சொல்லவில்லை.

3

என் அம்மா சென்னையில் வாழை நார் விற்பவள்.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கல்யாணம் நடந்தால் வாசலில் குலையோடு இரண்டு வாழை மரம் கட்டுவார்கள் அல்லவா? கல்யாணம் முடிந்து குலையை வெட்டி எடுத்துக்கொண்ட பிறகு அந்த மரம் யாருக்கும் வேண்டாத குப்பை. அம்மா விடியற்காலையில் போய் அதைக் கேட்டு வாங்கி, தலையில் வைத்து அடையாற்றங்கரைக்குக் கொண்டுவருவாள். எங்கள் குடிசைக்குப் பின்னால் போட்டுப் பட்டை பட்டையாக உரித்து வெயிலில் காயவைத்து, மெல்லிசாகக் கிழித்துக் கட்டு கட்டுவாள். மாட வீதிப் பூக்கடைகளில் பூத்தொடுக்க அந்த நார்தான். உரமான நார்களை மூன்று புரியாகப் பின்னித் தருவாள். ஆளுயர மாலைக்கு உள்ளே ஓடும் கயிறு அது. பின்னும்போது நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். பின்னல் மடிவரை நீண்டதும் முன்னால் இழுத்து, பின்னிய இடத்தையே மறுபடி விரலில் சுற்றிக்கொண்டு தொடர்வாள்.

நானும் பின்னியிருக்கிறேன். எட்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை. பாடப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு பின்னுவேன். கை அதன் பாட்டுக்கு ஓடும்.

வாழைக் கறை துணியில் பட்டால் போகாது. பழுப்பாக நின்றுவிடும். என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் எப்போதும் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். காப்பி கொட்டிவிட்டது என்று சொல்வேன். எங்கள் வீட்டில் காப்பி போட்டதே இல்லை.

ஒன்பதாவது படிக்கும்போது மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணக் கூடத்துக்கு அம்மாவோடு போனேன். மரத்தைக் குடிசையில் போட்டுவிட்டு நேரே பள்ளிக்குப் போகலாம் என்று சீருடையில் இருந்தேன். ஒரு மாமி வெளியே வந்து, "வாழ மரத்துக்கா வந்தேள்? பின்பக்கமா வாங்கோ, இங்க கோலத்த மிதிக்கப்படாது" என்றார். அவர் பின்னால் என் வகுப்புத் தோழி வசந்தா நின்றிருந்தாள்.

"ஏய், நீ எங்கடி இங்க? எங்க சித்தப்பா கல்யாணம் நேத்திக்கு!"

"கோயிலுக்கு வந்தேன்" என்றேன்.

"யாரோட?"

"தனியாத்தான்."

அம்மா எனக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போனாள். சற்று நேரத்தில் இரண்டு மரங்களையும் ஒன்றாகத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. என்னைத் தாண்டும்போது, "கொஞ்சம் வழி வுடும்மா" என்றாள். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வது போல.

அன்று சாயங்காலம் நார் கிழித்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே முன்னாடியே சொல்லிடு. அந்தாண்ட சந்துல பூந்து போய்டுறேன். தலையில ரெண்டு மரத்த வெச்சிக்கினு கழுத்த திருப்ப முடியல எனக்கு."

கோபமே இல்லை. கழுத்து வலிதான் அவளுக்குப் புகார்.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எங்கள் வகையறாவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு, இப்போதும். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்வதில் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். படித்ததைச் சொல்வேன், முதல் ஆள் என்பதைச் சொல்லமாட்டேன். முதல் என்றால் அதற்கு முன்னால் யார் என்று கேட்பார்களே.

4

இலையுதிர் காலத்தில் கயிற்றைக் கண்காட்சியில் வைக்க முடிவாயிற்று. இரண்டு பெண்கள் படம் சுவரளவுக்குப் பெரிதாக வரப்போகிறது என்று இங்கா சொன்ன அன்றுதான் என்னால் அடக்க முடியவில்லை. உண்மை மேலிருந்த அக்கறை என்று சொல்ல ஆசைதான். உண்மையில், பிற்பாடு வேறு யாராவது கண்டுபிடித்துவிட்டால் அளவெடுத்த எனக்குக் கெட்ட பெயர் வருமே என்ற பயம்.

"எங்கள் ஊரில் சில பெண்கள் இப்படிப் பின்னுவார்கள்" என்றேன். "கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு. தனியாக."

இங்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எந்தப் பெண்கள்?"

"ஏழைப் பெண்கள். தெருவில் பார்த்திருக்கிறேன்."

தெருவில் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

நில்ஸ் அங்கேயே ஷூவைக் கழற்றிவிட்டார். ஆனால் பிறந்தது முதல் கம்பளி உறைக்குள் இருந்த கால் அது. ஐந்து விரல்களும் ஒன்றையொன்று பிரிய மாட்டோம் என்று ஒட்டிக்கொண்டிருந்தன. நாரை இடுக்கில் செருகி இழுத்ததும் பிடிப்பு வந்து, ஒற்றைக் காலில் கூடத்தைச் சுற்றி வந்தார். "உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் காலிலும் கை இருக்கிறது!" என்று கத்தினார். இங்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் கால்கள் தடித்த உறைக்குள், மூடிய ஷூவுக்குள் பத்திரமாக இருந்தன.

அன்றே இங்கா ஓவியத்தை நிறுத்திவிட்டார். "எனக்கு ஒரு புகைப்படம் வேண்டும். அப்படிப் பின்னும் ஒரு பெண். உன் வீட்டாருக்கு எழுதி யாரையாவது பிடித்து எடுக்கச் சொல்ல முடியுமா?"

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எட்டாவது வரை படித்த பக்கத்துக் குடிசைக் கஸ்தூரிதான் கடிதங்களைப் படித்துக் காட்டுவாள், அம்மா சொல்லச் சொல்ல எழுதுவாள். கஸ்தூரிக்கு எழுதினேன்: யாராவது நார் பின்னுகிறவர்களை ஒரு படம் எடுத்து அனுப்பு. யாராவது என்றுதான் எழுதினேன். அம்மாவை என்று எழுதவில்லை. அம்மாவைத் தவிர வேறு யார் போய் உட்காருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

5

புகைப்படம் டிசம்பரில் வந்தது. லஸ் பக்கத்தில் ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் திரையில் அரண்மனைப் படிக்கட்டும் மயிலும். தரையில் பூப்போட்ட விரிப்பு. அதன் மேல் அம்மா, என்னை மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப வாங்கிய நைலக்ஸ் புடவையில், காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் நாரை மாட்டிப் பின்னிக்கொண்டிருந்தாள். முகம் நேராகக் காமிராவைப் பார்த்தது. ரேஷன் அட்டைக்கு எடுத்தது போல விறைப்பு.

அந்தப் படத்தை என் அறையில் எத்தனை முறை பார்த்திருப்பேன்! புடவை மடிப்பைப் பார்த்தேன். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தேன். மயிலைப் பார்த்து வெட்கப்பட்டேன். இவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன்.

"அற்புதம்" என்றார் இங்கா. "இவர் பெயர் என்ன?"

"தெரியாது" என்றேன். "தோழி யாரையோ பிடித்து எடுத்திருக்கிறாள்."

படத்தின் கீழே வைக்கும் அட்டையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'நார் பின்னும் பெண். சென்னை, இந்தியா.'

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. நில்ஸ் படத்தில் இருப்பது போலவே உட்கார்ந்து, வலியோடு வலியாக ஒரு கயிறு பின்னி முடித்தார். அமுங்கல்கள் வந்தன. ஆனால் அவை வலப்பக்கம் சாய்ந்திருந்தன. சேற்றிலிருந்து வந்த கயிற்றில் எல்லாமே இடப்பக்கம் சாய்ந்தவை. மூவரும் ஒரு வாரம் யோசித்தோம். கடைசியில் இங்கா அட்டையில் ஒரு வரி சேர்த்தார்: 'பண்டைக் காலத்தில் இதைப் பின்னியவர் இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருக்கலாம்.' அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

கண்காட்சி திறந்த அன்று இந்த ஊரில் இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பமும் வந்திருந்தது. மாமி தியாகராய நகர்க்காரர். எனக்கு மாதம் தவறாமல் சாம்பார்ப் பொடி கொடுக்கும் நல்ல மனுஷி. ஆறு வயது மகன் ரமேஷிடம் அவர் தமிழில் கேட்பார், அவன் டேனிஷில் பதில் சொல்வான், அவர் அதைத் திருத்துவதைக்கூட விட்டுவிட்டார்.

படத்துக்கு முன்னால் மாமி நின்றுவிட்டார்.

"என்னடி இது! நம்மூர் நார்க்காரியைக் கொண்டு வந்து சுவத்துல மாட்டிருக்கா! கார்த்தால கூடைல வச்சுண்டு பூக்கடைக்குப் போடுவாளே, அவளேதான். மயில் வேற பின்னாடி! யாருடி இவ, உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமி" என்றேன்.

"என்னமா முறைக்கிறா பாரு" என்று சிரித்துவிட்டு மாமி நகர்ந்தார். ரமேஷ் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, படத்தையும் என்னையும் பார்த்தான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் டேனிஷில்தான் சொல்லியிருப்பான்.

அன்று என் அறைக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிடவில்லை. என்றோ ஒருமுறை பொய் சொல்வது வேறு. அவளைச் சுவரில் மாட்டிவைத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, நாள்தோறும் சொல்வது வேறு.

6

அம்மாவின் கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. கஸ்தூரி எப்போதும் அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறவள். அதனால் நானும் அப்படியே தருகிறேன்.

"இன்னா பாப்பா, நல்லா கீறியா? குளிரு கொறைஞ்சிதா? போட்டோ வந்து சேந்திச்சா? சொவுத்துல மாட்டுனாங்கன்னு எழுதுனியே, யாரு இதுன்னு கேட்டாங்களா, நீ இன்னா சொன்னே? சொல்ல மன்சு வரலன்னா வேணாம், அத்த வுடு. வேற ஒரு விசயம். அத்த எடுத்ததுல இருந்து எனக்குப் பேஜாராக் கீது. அந்தப் போட்டோ தப்பு. போட்டோக்காரரு, வெளிச்சம் வரல, அந்தாண்ட திரும்பிக் குந்தும்மான்னு சொன்னாரு. சரின்னு திரும்பி வலது கால்ல மாட்டிக்கினேன். நான் என்னிக்கி வலது கால்ல போட்டேன்? நாரு கட்டு வலது பக்கம் கெடக்கும், வலது கால மடிச்சிக்கினாத்தான் கை போய் எடுக்க வரும். எடது கால்லதான் மாட்டணும். உனக்குத் தெரியாததா? நீ பாத்தவொடனே எழுதுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒண்ணியும் எழுதல. இத்தப் பாத்து அவங்க தப்பாப் படிச்சிக்கப் போறாங்க. சொல்லிடு அவங்களாண்ட."

நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மாற்றி உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கால் என் கண்ணில் படவில்லை. சாய்வு ஏன் பொருந்தவில்லை என்று மூவரும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டபோது, விடை ஷூவுக்குள்ளே என்னிடமே இருந்தது. எட்டு ஆண்டு நார் பின்னிய கால். கழற்றி, ஒரு முழம் பின்னிப் பார்த்திருந்தால் போதும். கழற்றவில்லை.

'பண்டைக் காலத்தில் இதைப் பின்னியவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்.' பாவம், அவளும் அம்மாவைப் போலத்தான் உட்கார்ந்திருந்தாள்.

இதற்குப் பிறகும் ஒன்பது நாள் அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். கயிற்றைப் பற்றி இங்கா எழுதிய கட்டுரை அச்சுக்குப் போக இரண்டு நாள் இருந்தபோதுதான் இங்காவின் அறைக்குப் போனேன்.

"படம் தவறு" என்றேன். "அவர் வழக்கமாக இடது காலில் மாட்டுவார். வெளிச்சத்துக்காகத் திருப்பி உட்கார வைத்துவிட்டார்களாம்."

"யார் சொன்னது?"

"அவரே எழுதியிருக்கிறார்."

"பெயர்கூடத் தெரியாது என்றாயே?"

"என் அம்மா" என்றேன்.

நான் எதற்கு மூன்று ஆண்டுகள் பயந்தேனோ அந்தப் பார்வையை எதிர்பார்த்து நின்றேன். ஏழையா, தெருவா, குடிசையா என்று கேட்கும் பார்வை. அது வரவில்லை. அம்மா என்ன வேலை செய்கிறாள் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் முகம் சிவந்தது வேறு காரணத்துக்கு.

"மூன்று மாதமாக நான் வருகிறவர்களிடமெல்லாம் இடக்கைப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார். "நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய். உனக்குப் பின்னத் தெரியுமா?"

"தெரியும்."

"இரண்டு பெண்கள் என்று நான் படம் வரையச் சொன்னபோதும் தெரியும்."

"தெரியும்."

"அளந்தவள் நீ." அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

எதை மறைத்தேனோ அது வெட்கப்பட வேண்டியதாகவே இல்லை. மறைத்ததுதான் வெட்கம். இதைப் புரிந்துகொள்ள நான் கடல் தாண்டியிருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில், கல்யாணக் கூடத்து வாசலிலேயே புரிந்திருக்கலாம்.

சற்றுப் பொறுத்து இங்கா தொட்டியிலிருந்து ஊறிய நாரில் ஒரு கட்டு எடுத்து வந்து தரையில் போட்டார். "பின்னு" என்றார். கட்டளைதான். மன்னிப்பு எதுவும் அதில் இல்லை.

ஷூவைக் கழற்றினேன். உறையைக் கழற்றினேன். மூன்று ஆண்டுகளாக இவர்கள் யாரும் பார்த்திராத என் கால், கட்டைவிரல் விலகி, பக்கத்து விரலோடு சண்டை போட்டது போலத் தனியாக நிற்கும் கால். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. நார்க் கட்டை வலது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். வலது கால் தானாக மடிந்தது. இடது கால் நீண்டது. பத்து ஆண்டுகள் தொடவில்லை. கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மடிவரை பின்னி, இழுத்து, மறுபடி விரலில் சுற்றினேன். மூன்று சுற்று ஆனதும் இங்கா மண்டியிட்டு, பூதக்கண்ணாடியால் அமுங்கல்களைப் பார்த்தார்.

"இடப்பக்கம்" என்றார். பிறகு எழுதும் பலகையை எடுத்துக்கொண்டார். "அட்டையை மாற்ற வேண்டும். படத்திலுள்ள தவறு, அதைத் திருத்தியவர், இரண்டும் வரவேண்டும். அவர் பெயர் சொல்."

இந்த நாட்டில் அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

"பவுனம்மா."

"பௌ... னாமா?"

"இல்லை. பவுனம்மா."

"பவ்னமா."

"இன்னும் சரியில்லை" என்றேன். அதுவரை எத்தனையோ விஷயங்களில் இங்காவைத் திருத்தப் பயந்தவள், இதில் விடவில்லை. அவரும் சளைக்கவில்லை. நான்காவது முறை, ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவி அவர் அதைச் சரியாகச் சொன்னபோது நான் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. கால் கட்டைவிரலில் நார் இழுபட்டுக்கொண்டிருந்தது.